வெளிறிய பவளமும் விளக்கொளியும்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போர் சிலர், பழைய விளக்கை அகற்றி எல்.இ.டி. விளக்கைப் பொருத்திய சில நாள்களில் பவளம் வெளுத்துப் போவதைக் காண்கின்றனர். இறந்துவிட்டது என்று அதை எறிந்துவிடுவோர் உளர். ஒளி போதவில்லை போலும் என்று விளக்கை மேலும் கூட்டுவோரும் உளர். இரண்டும் தவறு, பின்னது கொலைக்கு ஒப்பானது.

பவளம் கல்லன்று, செடியுமன்று. சிற்றுயிர்கள் பல ஒட்டி வாழும் குடியிருப்பு. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு அப்பாசிகள் ஆக்கும் உணவே பவளத்தின் உணவில் பெரும்பகுதி. பழுப்பு நிறமும் அவற்றால் வந்ததே. பாசி நீங்கினால், கண்ணாடி போன்ற தசையினூடே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாய்த் தெரியும். இதனையே வெளிறல் என்பர். தசை இருக்கும்வரை உயிர் உண்டு. தசை கழன்று, வெறுங்கூட்டின்மேல் பச்சை இழைப்பாசி படர்ந்தால்தான் அப்பகுதி இறந்ததாகும்.

புதுவிளக்கு ஏன் வெளிறச் செய்கிறது? மங்கிய ஒளியில் வாழும் பாசி, கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் பற்றிக்கொள்ளப் பச்சையத்தைப் பெருக்கி வைத்திருக்கும். அந்நிலையில் பேரொளி பாய்ந்தால், செலவிட இயலாத அளவு ஒளியை அது விழுங்கிவிடும். அதனால் தீங்கிழைக்கும் ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கூடு வெளுத்ததும் அதில் பட்ட ஒளி திரும்பித் தெறித்து, எஞ்சிய பாசியையும் வாட்டுகிறது. இதில் நம் கண்ணும் நம்மை ஏய்க்கிறது: நீல ஒளி நமக்கு மங்கலாய்த் தோன்றும், பாசிக்கோ அது வலியது. ஒளிமானி கொண்டு அளப்பதே தக்கது.

பந்தல் நிழலில் வளர்ந்த காப்பிக் கன்றை ஒரே நாளில் உச்சி வெயிலில் நிறுத்துவாருண்டோ? பவளத்தையும் தொட்டியின் அடியில் வைத்து, புதுவிளக்கைப் பாதிக்கும் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் சிறிது சிறிதாய்க் கூட்டல் வேண்டும். ஆனால் விளக்கை முற்றிலும் அணைத்தலும் ஆகாது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் யங் என்னும் அறிஞர் குழுவினர் ஆராய்ந்தபோது, இருளில் வைத்த பவளங்களும் பாசியை இழந்தன.

வெப்பமும் பகையே. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலிலேயே பவளங்கள் பெருவாரியாய் வெளிறின. நீர் தணிந்தபின் பல மீண்டன. தொட்டி நீர் 25 பாகை செல்சியசை ஒட்டி நிலையாய் இருப்பது நன்று. பாசி இல்லாத பவளம் பட்டினி கிடப்பது. ஆதலின் அதன் உணர்கொம்புகள் விரியும் நேரத்தில், பொரித்த உவர்நீர் இறால் குஞ்சு போன்ற நுண்ணிரை தரலாம். மிஞ்சிய இரை நீரைக் கெடுக்கும். அளவு மிகக் கூடாது.

மீள்வதற்குச் சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். முதலில் வருவது மங்கிய பழுப்பே. பச்சையும் ஊதாவும் பின்னரே தோன்றும். பழுப்பு அழகில்லை என்று அப்போதே விளக்கைக் கூட்டுவோரின் தொட்டியில்தான் பவளம் மறுமுறை வெளிறுகிறது.