சிறுகுடலைப் படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேன்

நாம் உண்ணும் உணவு இரைப்பையில் கூழாகிச் சிறுகுடலை அடைகிறது. அதிலுள்ள சத்துகளில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வது இங்கேதான். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள இக்குழாய் மடிந்தும் வளைந்தும் வயிற்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது. முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல் என இதன் மூன்று பகுதிகளைப் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

இத்தனை முக்கியமான உறுப்பு நெடுங்காலம் மருத்துவரின் கண்ணுக்கு எட்டாமலே இருந்தது. வாய் வழியாகச் செலுத்தும் வழக்கமான உள்நோக்கிக் குழாய் முன்சிறுகுடலோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாகச் செலுத்தும் குழாயோ பெருங்குடலைக் கடந்து பின்சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர்களையே காட்டும். இடையிலுள்ள நீண்ட பகுதியைக் காண, பேரியம் கலந்த வெண்ணிறக் கரைசலைக் குடிக்கச் செய்து, மணிக்கணக்கில் எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தார்கள். குடலின் உட்புற வடிவம் அதில் தெரிந்தது. சுவரின் கனமும், அதற்கு வெளியே நடப்பவையும் தெரியவில்லை.

பலாப்பழத்தை அறுப்பது போல

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு பகுதிகள் பலாவுக்குப் பெயர் பெற்றவை. முழுப் பழத்தை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எத்தனை சுளை, எது அழுகல் என்று சொல்ல முடியுமா? குறுக்காக அறுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் முழுப் பழத்தின் நிழலைப் போன்றது. உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைத்துக்கொள்ளும். சி.டி. ஸ்கேன், கத்தி படாமலே உடலைத் துண்டு துண்டாக அறுத்துக் காட்டுகிறது.

எப்படி? எக்ஸ்-கதிர்க் குழாய் உடலைச் சுற்றி வருகிறது. பல கோணங்களில் உடலை ஊடுருவி வரும் கதிரின் அளவை எதிர்ப்புறத்திலுள்ள உணர்விகள் அளக்கின்றன. அவ்வளவுகளைக் கொண்டு, உடலின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை உறிஞ்சியது என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. இதில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு ஏறத்தாழ -100 என எண்கள் உண்டு. இவ்வெண்களே கறுப்பு வெள்ளைப் படமாகின்றன.

இக்கருவியை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக இவ்வாறு படமெடுக்கப்பட்டது. இதற்கான கணித வழியை முன்னரே கண்ட ஆலன் கார்மாக்குடன் அவர் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அன்று ஒரு துண்டைப் படமெடுக்கவே சில நிமிடங்கள் ஆயின. இன்றோ ஒருமுறை மூச்சை அடக்கும் நேரத்தில் வயிறு முழுவதையும் எடுத்துவிடலாம்.

தண்ணீர் எதற்கு?

காற்று இறங்கிய சைக்கிள் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் முதலில் காற்றடித்து அதை விரிப்பார். குடலும் அப்படித்தான். சுருங்கிக் கிடக்கும்போது நல்ல குடல்கூடத் தடித்தது போலத் தோன்றி ஏமாற்றும். ஆகவே, சிறுகுடலுக்கென எடுக்கும் சி.டி. சோதனையில், சில மணி நேரம் பட்டினி இருந்த நோயாளிக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாத திரவத்தை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுப்பார்கள். வெறும் தண்ணீரைக் குடல் விரைவில் உறிஞ்சிவிடும் என்பதால் மானிட்டால் போன்ற பொருளை அதில் கலப்பதுண்டு.

குடல் விரிந்ததும் அயோடின் அடங்கிய மருந்தை நரம்பு ஊசியாகச் செலுத்துகிறார்கள். அது இரத்தத்தோடு குடற்சுவரை அடையும் நேரம் பார்த்துப் படமெடுக்கிறார்கள். அப்போது உள்ளே தண்ணீர் கறுப்பாகவும் சுவர் வெள்ளைக் கோடாகவும் தெரியும். விரிந்த நிலையில் நல்ல குடற்சுவரின் கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இராது. சுவர் தடித்திருந்தாலோ, அளவுக்கு மீறி வெண்மையாக ஒளிர்ந்தாலோ அழற்சி என்று ஐயுறலாம். குடலடைப்பு, கட்டி, இரத்த ஓட்டத் தடை ஆகியவற்றையும் சி.டி. காட்டும்.

இரு நோய்கள், ஒரே வேடம்

நம் நாட்டு மருத்துவரை மிகவும் குழப்பும் இரு நோய்கள் உண்டு. ஒன்று குடல் காசநோய். நுரையீரலைத் தாக்கும் அதே கிருமி, விழுங்கிய சளி வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ குடலை அடைந்து உண்டாக்குவது. மற்றொன்று குரோன் நோய். அமெரிக்க மருத்துவர் பரில் குரோனும் அவருடைய கூட்டாளிகளும் 1932-இல் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே குடலைப் புண்ணாக்குகிறது.

இரண்டும் பெரும்பாலும் பின்சிறுகுடலின் இறுதியில், பெருங்குடலோடு சேருமிடத்தில் தாக்குகின்றன. இரண்டிலும் வயிற்றுவலி, எடை குறைவு, காய்ச்சல், குடலில் சுருக்கம் ஆகியவை ஏற்படும். ஆனால் மருத்துவமோ நேர் எதிரானது. குரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை. குடல் காசநோயாளிக்குத் தவறுதலாக அவற்றைத் தந்தால் கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். குரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தாலோ, அதற்குள் குடல் மேலும் சிதைந்துவிடும்.

இங்கே சி.டி. படம் சில தடயங்களைத் தருகிறது. நடுப்பகுதி கறுத்தும் விளிம்பு வெளுத்தும் தோன்றும் பெரிய நிணநீர்க் கணுக்கள், வயிற்றில் நீர் கோத்தல், சுருங்கிப்போன பெருங்குடல் தொடக்கம் ஆகியவை காசநோயின் பக்கம் கைகாட்டும். நீண்ட பகுதியில் தடித்த சுவர், இடையிடையே நல்ல குடல் விட்டுப் பல இடங்களில் புண், சீப்பின் பற்களைப் போல வரிசையாகப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் ஆகியவை குரோன் நோயின் பக்கம் கைகாட்டும்.

படம் மட்டும் தீர்ப்பளிக்காது. குடலிலிருந்து கிள்ளியெடுத்த சிறு சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கிருமியை வளர்த்தும் மரபணுச் சோதனை செய்தும் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கிள்ள வேண்டும் என்று வழி காட்டுவதில் சி.டி.யின் பங்கு பெரிது.

எச்சரிக்கையும் ஆறுதலும்

ஒருமுறை வயிற்றுக்குச் சி.டி. எடுத்தால் உடல் ஏற்கும் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் நாம் பெறும் அளவுக்குச் சமம். ஆகவே தேவையின்றி எடுக்கலாகாது. கருவுற்றிருந்தாலும், சிறுநீரகக் கோளாறோ அயோடின் மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுவர்க்கும், அடிக்கடி சோதனை தேவைப்படுவோர்க்கும் கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்டு சோதனைகள் ஏற்றவை.

2017-இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கும் வரை இம்மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே இல்லை. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் சி.டி. வசதி அளிக்கிறது. காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். குடல் காசநோயைப் பொதுவாக ஆறு மாத மருந்தில் குணப்படுத்தலாம்.

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியை 'வாயு' என்று சொல்லிக் கைவைத்தியத்தோடு நிறுத்திவிடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. வலியுடன் எடையும் குறைந்தால், மாலையில் காய்ச்சல் அடித்தால், மலத்தில் இரத்தம் கண்டால் காலம் தாழ்த்தாதீர்கள். குடல் சுருங்கி அடைபடும் முன் நோயைக் கண்டுகொண்டால், கத்தி செய்ய வேண்டிய வேலையை மாத்திரையே முடித்துவிடக்கூடும்.