ஹாரன் சத்தமே இல்லாத மலைப்பாதை... ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு ஒரு சைக்கிள் பயணம்!

மலையில் சைக்கிள் பயணம் என்றதும் பலருக்கும் மூச்சு வாங்கும் ஏற்றமும், முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் பேருந்தும்தான் நினைவுக்கு வரும். 'அதெல்லாம் வயசுப் பசங்களுக்கு' என்று ஒதுங்கிவிடுவோம். ஆனால், பத்து வயதுப் பேத்தியும் அறுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்தே சைக்கிள் மிதிக்கும் ஒரு மலைப்பிரதேசம் இருக்கிறது. அந்தப் பாதைகளின் பெரும்பகுதியில் கார், லாரி, பைக் எதுவுமே வராது!

இத்தாலியின் வட எல்லையில், ஆஸ்திரியாவை ஒட்டி இருக்கிறது தென் டிரோல். முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி இது. இன்றும் இங்கே பெரும்பாலானவர்களின் தாய்மொழி ஜெர்மன். ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ஜெர்மன், இத்தாலி என இரண்டு பெயர்கள் இருக்கும். சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள், நடுவே ஆற்றுப் பள்ளத்தாக்குகள். அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் இந்த சைக்கிள் பாதைகள் ஓடுகின்றன.

மலையில் சமதளப் பாதை எப்படி?

இதன் ரகசியம் ஆறும் ரயிலும்தான். ஆறு எப்போதும் சரிவான இடம் தேடி மெல்ல இறங்கும். அதன் கரையை ஒட்டிப் பாதை போட்டால் பெரிய ஏற்றம் வராது. ரயிலும் அப்படித்தான். காரைப் போல செங்குத்தான சாலையில் ரயிலால் ஏற முடியாது என்பதால், மலையைக் குடைந்தும், பள்ளத்தின் மேல் பாலம் கட்டியும் மெதுவாக உயரும்படி தண்டவாளம் அமைத்தார்கள். காலப்போக்கில் சில தடங்கள் மூடப்பட்டன. சில, புதிய சுரங்கங்களுக்குள் மாற்றப்பட்டன. மிச்சமான பழைய தடங்களில் சைக்கிள்கள் ஓட ஆரம்பித்தன. போல்சானோ நகருக்கு வடக்கே, ஒருகாலத்தில் ரயில் போன சுரங்கங்களுக்குள் இன்று விளக்கு வெளிச்சத்தில் சைக்கிள் ஓட்டலாம்.

ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே...

இவற்றில் குடும்பங்களுக்குப் பிடித்த பாதை, வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் அடிஜே ஆற்றை ஒட்டிச் செல்வது. இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறு இது. ஆஸ்திரிய எல்லையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரெஷன் கணவாய் அருகே பிறக்கிறது. அங்கிருந்து மெரானோ நகரம் வரை சுமார் 80 கி.மீ. தூரம். மெரானோவின் உயரமோ வெறும் 325 மீட்டர்தான். அதாவது, வழி நெடுக இறக்கம்!

ரெஷனிலிருந்து முதல் சில கிலோமீட்டர்கள் கொஞ்சம் செங்குத்தானவை. பிரேக் பிடிக்கத் தயங்கும் குழந்தைகள் இருந்தால், மால்ஸ் என்ற ஊரிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கிருந்து மெரானோ 60 கி.மீ.

மால்ஸை அடுத்து வருகிறது குளூர்ன்ஸ். ஆயிரம் பேர்கூட இல்லாத குட்டி ஊர். ஆனால், ஊரைச் சுற்றி கோட்டைச் சுவர் இன்றும் முழுசாக நிற்கிறது. பிறகு வெள்ளைப் பளிங்குக்குப் பேர்போன லாஸ். அதன்பின் ஆப்பிள் தோட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் ஆப்பிள்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தென் டிரோலில் விளைகிறது. செப்டம்பரில் போனால், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் காய்த்துத் தொங்கும்.

ஆல்ப்ஸிலேயே மழை குறைந்த பள்ளத்தாக்குகளில் வின்ஷ்காவும் ஒன்று என்பது ஆச்சர்யமான விஷயம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலை ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள் இந்த விவசாயிகள். அந்த வாய்க்கால் கரைகள் இன்று நடைபாதைகளாக இருக்கின்றன. 1991-ல் பனிக்கட்டிக்குள் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் பழைமையான 'ஓட்ஸி' என்ற மனித உடல் கிடைத்ததும் இதன் கிளைப் பள்ளத்தாக்கின் உச்சியில்தான். போல்சானோ அருங்காட்சியகத்தில் அவரை இன்றும் பார்க்கலாம்.

ஏரிக்குள் ஒரு கோபுரம்

ரெஷன் ஏரியில் தண்ணீருக்கு நடுவே ஒரு தேவாலய மணிக்கோபுரம் மட்டும் தனியாக நிற்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடம் அது. ஆனால், அந்தக் காட்சிக்குப் பின்னால் ஓர் ஊரின் கண்ணீர் இருக்கிறது.

கிரவுன் என்ற அந்தக் கிராமம், நீர்மின் திட்டத்துக்காக 1950-ல் மூழ்கடிக்கப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட வீடுகளும் 500 ஹெக்டேருக்கும் மேலான விளைநிலமும் தண்ணீருக்குள் போயின. திட்டம் பற்றிய அறிவிப்பு, ஜெர்மன் பேசும் மக்களுக்கு இத்தாலி மொழியில்தான் ஒட்டப்பட்டது. ஊர்ப் பாதிரியார் ரோம் வரை போய் போப்பிடம் முறையிட்டார். பலனில்லை. 14-ம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். குளிர்காலத்தில் ஏரி உறையும்போது, அதன் அருகே நடந்தே போகலாம். அப்போது மணியோசை கேட்கும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையில், ஊர் மூழ்கும் முன்பே மணிகளை இறக்கிவிட்டார்கள்.

திரும்பி வந்த ரயில்

'60 கி.மீ. இறங்கிவிட்டோம் சரி, திரும்ப எப்படி ஏறுவது?' என்ற கேள்வி எழும். அதற்கு விடை, ரயில்.

மெரானோ - மால்ஸ் ரயில் பாதை 1906-ல் தொடங்கப்பட்டது. 'லாபமில்லை' என்று 1990-களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. பள்ளத்தாக்கின் ஒரே பிரதான சாலையில் கார்கள் குவிந்தன. தடத்தைப் பிரித்துப் போட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், மாகாண அரசு அதைத் தன் கையில் எடுத்துச் சீரமைத்து, 2005-ல் மீண்டும் ரயிலை ஓடவிட்டது. இன்று உள்ளூர் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அதில்தான் பயணிக்கிறார்கள். ரயில் நிலையத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. மேலே ஒரு நிலையத்தில் எடுத்து, கீழே இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். கால் வலித்தால் பாதியிலேயே ரயில் ஏறலாம். வயதானவர்களும் தைரியமாகக் கிளம்புவதற்கு இதுதான் காரணம்.

ஒரே நாளில் இரண்டு நாடு

கிழக்கே டோப்லாக் என்ற ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் லியன்ஸ் நகரம் வரை இன்னொரு பாதை. சுமார் 45 கி.மீ. இறக்கம். எல்லையைத் தாண்டுவதே தெரியாது.

டோப்லாக் ஒரு நீர்ப்பிரிமேடு. அதன் ஒருபுறம் விழும் மழைத்துளி மேற்கே ஓடி, அடிஜே வழியாக ஏட்ரியாட்டிக் கடலில் சேரும். மறுபுறம் விழும் துளி, ட்ராவா ஆற்றில் கலந்து டானூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகும். சைக்கிள் பாதை ட்ராவாவின் கூடவே போகிறது. வழியில் ஹைன்ஃபெல்ஸ் என்ற ஊரில் பிரபலமான வேஃபர் தொழிற்சாலை ஒன்று உண்டு. அங்கே நிற்காமல் குழந்தைகளைக் கூட்டிப்போவது கஷ்டம்!

கொஞ்சம் சாகசம் வேண்டுமென்றால், டோப்லாக்கிலிருந்து தெற்கே கோர்டினா வரை சுமார் 30 கி.மீ. போகலாம். இது 1964-ல் மூடப்பட்ட டோலமைட்ஸ் ரயிலின் தடம். 1956-ல் கோர்டினாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, ரசிகர்களை ஏற்றிச்சென்ற குட்டி ரயில் அது. இதில் 1,530 மீட்டர் உயரம் வரை ஏற வேண்டும். ஆனால், ரயில் ஏறிய பாதை என்பதால் முழங்கால் தாங்கும்.

எல்லாமே சொர்க்கமா?

இல்லை. ஆகஸ்ட் மாதம் ஐரோப்பாவின் விடுமுறைக் காலம். டோப்லாக் - லியன்ஸ் பாதையில் சைக்கிள்களே நெரிசலாகிவிடும். ரயிலில் சொந்த சைக்கிளை ஏற்ற இடம் கிடைக்காமல் போகலாம். ஊர்களுக்குள் சில இடங்களில் சாலையைக் கடக்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் விவசாயிகளின் டிராக்டர்கள் வரும். அது அவர்களின் வேலை செய்யும் இடம் என்பதால், வழிவிட்டு ஒதுங்குவதுதான் மரியாதை.

கிளம்பும் முன் கவனிக்க...

* மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற்ற காலம். கூட்டம் வேண்டாமென்றால் ஜூன் அல்லது செப்டம்பர்.

* இத்தாலி, ஆஸ்திரியா இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்.

* அங்கே வண்டிகள் வலதுபுறம் செல்லும். பாதையில் ஏறும் முன் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிப் பழக்குங்கள்.

* ஆஸ்திரியாவில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களும் போடுவது நல்லது.

* ஏற்றம் பயமாக இருந்தால் பேட்டரி உதவியோடு ஓடும் இ-பைக் எடுக்கலாம்.

* மலையில் மதிய வெயிலும் மாலைக் குளிரும் ஒரே நாளில் வரும். மெல்லிய மழைக்கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

மூடிய தடத்தைப் பாதையாக்கியதும், நிறுத்திய ரயிலை மீண்டும் ஓட்டியதும் சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டுமல்ல. அதே பாதையில்தான் உள்ளூர்ப் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கு சைக்கிளில் போகிறார்கள். அதற்கு முன்னால் எந்த மலைக்காட்சியும் கொஞ்சம் குறைவுதான்!