வேப்பங்கொட்டைச் சாறும் பயற்றங்கொடியும்

ஊர்க் காணியிற் பயறும் கௌபியும் பயிரிடுவதற்காக இங்கிருந்து பணம் அனுப்பும் குடும்பங்கள் பல. அதில் ஒரு பங்கு பூச்சிநாசினிக் கடைக்குப் போகின்றது என்பதை எத்தனை பேர் அறிவர்?

பயற்றங்கொடியின் முதல் எதிரி அழுக்கணவன். இளந்தளிரிலும் பூங்காம்பிலும் கரும்படையாய் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். அடுத்தது காய் துளைக்கும் புழு. பூக்களை நூலாற் பிணைத்து உள்ளிருந்து தின்று, பின்னர் காய்க்குள் நுழைந்துவிடும்; அதன்பின் மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது.

ஊரில் ஆசிரியராயிருந்த நாட்களில் நாமும் வளவிற் பயற்றங்கொடி நட்டோம். அந்தியில் நஞ்சு தெளித்து, இரண்டாம் நாளே காய் பறித்துக் கறிவைத்ததும் உண்டு. பயற்றங்காயை இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை பறித்தேயாக வேண்டும். போத்தலிற் குறித்த காத்திருப்பு நாட்களை யார் கணக்கிட்டார்? பிள்ளைகளுக்கும் அதையே ஊட்டினோம் என்பதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகின்றது.

வீட்டு மூலையிலிருந்த அப்போத்தல்கள் வேறுவிதமாகவும் உயிர்குடித்தன. இலங்கையில் 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியனவும், 1998இல் என்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அதன்பின் பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

வேம்போ முற்றத்திலேயே நின்றது. உலர்ந்த வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்தாற் போதும். பூக்கத் தொடங்கும்போதே தெளித்து, வாரமொருமுறை தொடர வேண்டும். நாம் இதனை ஒருமுறை நடுப்பகலில் தெளித்தோம். மறுநாள் புழு உயிருடன் நெளிந்தது, பயனற்றதென ஒதுக்கிவிட்டோம். தவறு நம்முடையது. பருப்பிலுள்ள அசாடிரக்டின் வெயிலில் விரைந்து கெடும். மாலையில், இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்க வேண்டும். அது பூச்சியை உடனே கொல்வதுமில்லை. உண்ணும் விருப்பைக் கெடுத்து, புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். சில நாட்கள் பொறுத்தவருக்கே பலன் தெரியும். பூச்சி பெருகி முற்றிய பின்னர் தெளித்தாற் பெரும்பயன் இராது.

செடிகொடியிலிருந்து வருவதெல்லாம் தீங்கற்றதென்றும் எண்ணலாகாது. நம்மவர் அறிந்த புகையிலைச் சாற்றிலுள்ள நிக்கொட்டீன் மனிதருக்கும் கடும் நஞ்சு. வேப்பெண்ணெய் பருகிய குழந்தைகள் உயிராபத்துக்கு உள்ளானதும் உண்டு.

அடுத்தமுறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கையில், உதிரும் வேப்பம்பழங்களைக் கூட்டி எரிக்காது, சதை நீக்கிக் கழுவி, கொட்டைகளை நிழலில் உலர்த்தி வைக்கச் சொல்லுங்கள். காற்றோட்டமான சாக்கில் இடவேண்டும். பூஞ்சணம் பிடித்தவை உதவா.