வந்தே மாதரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்த சுதேசி வணிகர்

புது தில்லி: வந்தே மாதரம் பாடலின் 150-வது ஆண்டையொட்டி 2025 டிசம்பர் 8-ம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் சிறப்பு விவாதம் நடைபெற்றது. பாடலின் முதல் இரு சரணங்கள் போதும் என 1937-ல் காங்கிரஸ் முடிவெடுத்தது சரியா, தவறா என்பதில் இரு தரப்பும் மோதிக் கொண்டன. அப்பாடலை ஒலியாகப் பதிவு செய்து வீடுதோறும் கொண்டு செல்ல முயன்று தோற்ற ஓர் இந்திய நிறுவனத்தின் கதை, அந்த அரசியலைவிடப் பழையது.

கொல்கத்தாவின் ஹேமேந்திர மோகன் போஸ் அடிப்படையில் வாசனைத் தைல வியாபாரி. 1898-ல் சென்னை காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஆனந்த மோகன் போஸின் உறவினர். தமது "குந்தலீன்" கூந்தல் தைலத்தின் பெயரில் சிறுகதைப் பரிசு ஒன்றை அவர் நிறுவினார். கதையில் தைலத்தின் பெயர் இடம்பெற வேண்டும். ஆனால் அது விளம்பரமாகத் தோன்றக் கூடாது! சரத் சந்திரரின் முதல் அச்சேறிய கதை இப்பரிசைப் பெற்றதுதான்.

அன்று இசைத்தட்டுச் சந்தை பிரிட்டிஷ் கிராமபோன் கம்பெனியின் பிடியில் இருந்தது. 1902-ல் கொல்கத்தாவில் பாடல்களைப் பதிவு செய்த அந்நிறுவனம், ஜெர்மனியின் ஹனோவரில் தட்டுகளை அச்சிட்டு இங்கே விற்றது. போஸ் தேர்ந்தெடுத்ததோ எடிசனின் மெழுகு உருளை. அதில் பாடலைப் பதிவு செய்ய வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. கருவியும் பாடகரும் இருந்தால் போதும்.

1905-ல் கர்சான் பிரபு வங்கத்தைப் பிரித்ததும் கொல்கத்தா கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பே போஸின் சந்தையாயிற்று. 1896 காங்கிரஸ் மாநாட்டில் வந்தே மாதரத்தைப் பாடிய ரவீந்திரநாத் தாகூரையும், கவிஞர் துவிஜேந்திரலால் ராயையும் அவர் பதிவு செய்தார். 1906-ல் "எச். போஸ் ரெக்கார்ட்ஸ்" உருளைகள் சுதேசிப் பொருள் என்ற முழக்கத்தோடு விற்பனைக்கு வந்தன. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

குரல் சுதேசி, முதலீடு சுதேசி. கருவி மட்டும் அமெரிக்காவினுடையது. இந்த முரண்பாடு அன்று எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

வீழ்ச்சிக்கு வித்திட்டது அடக்குமுறை அன்று, தொழில்நுட்பம். ஒரே உலோக அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் தட்டுகளை அழுத்தி எடுத்துவிடலாம். உருளைகளைப் பிரதி எடுப்பதோ மெதுவான வேலை. அவை எளிதில் உடையும். வங்கத்தின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். இதை உணர்ந்த போஸ், பிரான்ஸின் பாத்தே நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு தமது பதிவுகளைத் தட்டுகளாக மாற்ற அனுப்பினார். ஆனால் பாத்தே தட்டைச் சாதாரண கிராமபோனின் ஊசியில் ஒலிக்க வைக்க முடியாது. அதற்கு நீலமணி முனை வேண்டும். சந்தையில் பெரும்பான்மையோர் வைத்திருந்தது போட்டி நிறுவனத்தின் கருவி.

1908-ல் கிராமபோன் கம்பெனி கொல்கத்தாவின் சியால்தாவிலேயே ஆலை திறந்தது. அந்நிய நிறுவனம் உள்ளூரில் தட்டு அச்சிட, சுதேசி நிறுவனத்தின் தட்டு கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் போஸின் ஒலிப்பதிவுத் தொழில் முடங்கியது. 1916-ல் அவர் காலமானார்.

ஆர்வம் மட்டும் குடும்பத்தைவிட்டுப் போகவில்லை. 1935-ல் மகன் நிதின் போஸ் இயக்கிய "பாக்ய சக்ரா" வங்கப் படத்துக்கு மற்றொரு மகன் முகுல் போஸ் ஒலிப்பதிவு செய்தார். இந்தியத் திரையில் பின்னணிப் பாடல் முறை தொடங்கியது அப்படத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

உருளைகளில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. தாகூரின் குரலில் வந்தே மாதரம் இன்று நமக்குக் கிடைப்பது பாத்தே தட்டின் வழியாகத்தான். அந்தத் தட்டில் முதலில் இருப்பது பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். போஸின் பெயர் அதற்கடுத்து.