கடற்கரை வீடும் காற்றின் வழியும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை வீதியில் வடக்கே செல்வோர் குச்சவெளியை அடைவர். இக்கரையில், சீமெந்துச் சுவரும் அஸ்பெஸ்டஸ் கூரையும் கொண்ட பழைய வீட்டை மரபுவழிக் கடற்கரை மனையாக மாற்ற விரும்புவோர் உளர். விருப்பம் நன்றே. ஆயினும், மரபென்பது கூரைமேற் பரப்பிய ஓலை மட்டுந்தானா என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு வீட்டின் அமைப்பை வகுப்பவை இரு காற்றுகள். மாரியில் கடலிலிருந்து வாடை மழையோடு வரும். கோடையில் தரையிலிருந்து கச்சான் அனலாய் வீசும். ஆதலின் இறப்பைத் தாழ இறக்கி, கிழக்கே விறாந்தையும், மேற்கே சிறு யன்னல்களும் நிழல்மரமும் அமைப்பதே அறிவுடைமை. பிற்பகலில் வீட்டின் நிழல் விறாந்தையில் விழும். வலை செப்பனிடுவோர்க்கும் பாடம் படிக்கும் சிறுவர்க்கும் அதுவே இடமாகும்.

அடுத்தது உப்பு. அது கொங்கிறீற்றினுள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துச் சுவரைப் பிளக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளிவிடும். இறுகிய சீமெந்துப் பூச்சோ அதனை உள்ளே அடைத்துவிடும். முன்னோர் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். ஆயின், முருகைக்கல் அகழ்தலை 1988ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் திருத்தச் சட்டம் தடை செய்தது. அலையின் வேகத்தைத் தணிப்பது அக்கல்லே. அதனை உடைத்து வீடு கட்டுவது, வேலியை விறகாக்கித் தோட்டம் காப்பது போலாகும். இந்நாளில் உள்நாட்டுச் சுண்ணக்கல்லை நாடுதலே தகும்.

பழைய வீட்டை இடியாமல் மாற்றும் கலைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1948இல் பெந்தோட்டைக்கு அருகே வாவிக்கரையிலிருந்த தோட்ட பங்களா ஒன்றை வாங்கினார். லுணுகங்கை எனப் பெயர்பெற்ற அதனை, 2003இல் தாம் மறையும்வரை, சிறிது சிறிதாகத் திருத்தி வந்தார். வாசலின் திசையை மாற்றினார். மரங்களுக்கிடையே நீர்ப்பரப்புத் தெரியுமாறு காட்சியைத் திறந்தார். பணத்தினும் பொறுமையே அங்கு மிகுதியாகச் செலவாயிற்று எனலாம்.

நம் கரையில் இன்னுமொரு நினைவும் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையை எவரும் மறவார். நீருக்கு மிக அண்மையில் சுவரை நீட்டுதல் அழகன்று, ஆபத்து. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயமாதலின், வேலை தொடங்குமுன் உரிய திணைக்களத்தின் அனுமதியைக் கேட்டறிதல் முறை. அஸ்பெஸ்டஸ் தகட்டையும் உடைத்து எறியலாகாது. அதன் நுண்தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

இறுதியாகக் கூரை. கிடுகு நெடுங்காலம் நில்லாது. மீண்டும் மீண்டும் வேய்தல் வேண்டும். அதனைக் குறையென்பர் சிலர். ஆனால் அவ்வேலைக்கு ஓலை பின்னும் கையும், கயிறு கட்டும் கையும், ஏணி பிடிக்கும் அயலவர் கையும் வேண்டும். அந்தக் கைத்தொழிலை அறிந்தோர் முதுமையெய்துகின்றனர். வீட்டைப் புதுக்குவோர் அவர்களை அழைத்துக் கூலி கொடுத்து, அருகே தம் பிள்ளைகளையும் அமர்த்துவார்களாயின், கூரையோடு தொழிலும் நிலைக்கும். அப்போதுதான் அது மரபு வீடாகும்.