கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் 'வளர்ச்சி குறைவு' என ஸ்கேன் காட்டினால் என்ன பொருள்?

எட்டாம் மாத ஸ்கேன் அறிக்கையில் 'இரண்டு வார வளர்ச்சி குறைவு' என்ற வரியைக் காணும் குடும்பத்தினர் கலங்குவது இயல்பு. ஆனால், அந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு குழந்தைக்குக் குறை உள்ளதாக முடிவு செய்ய இயலாது.

எடை என்பது ஒரு கணிப்பே

சிசுவின் தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றைக் கொண்டே எடை கணிக்கப்படுகிறது. இது உண்மையான எடையிலிருந்து 10 முதல் 15 சதவீதம் வரை மாறுபடலாம். 2,500 கிராம் எனக் கணிக்கப்படும் குழந்தையின் எடை 2,200 கிராமாகவோ 2,800 கிராமாகவோ இருக்கக்கூடும்.

தேதியும் தவறலாம்

முதல் மூன்று மாதங்களில் எடுக்கப்படும் ஸ்கேன், கர்ப்பகாலத்தை ஏறத்தாழ ஒரு வாரத் துல்லியத்துடன் காட்டும். 28 வாரங்களுக்குப் பின் இப்பிழை மூன்று வாரங்கள் வரை செல்லலாம். எனவே, முதல் ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு, குழந்தை உண்மையில் சிறியதா அல்லது தேதிக் கணக்கு தவறா என்ற ஐயம் எழுகிறது. 24 வாரங்களுக்குள் ஒரு ஸ்கேன் எடுக்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

மேற்கத்திய மக்களின் தரவுகளில் உருவான சூத்திரமே இந்தியாவிலும் பயன்பாட்டில் உள்ளது. இதற்கு மாற்றாக, சென்னை ஐஐடியும் ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனமும் இணைந்து, இந்தியப் பெண்களின் தரவுகளைக் கொண்டு 'கர்ப்பிணி-ஜிஏ2' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கி, 2024 பிப்ரவரியில் அறிவித்தன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிசுவின் வயதைக் கணிப்பதில் ஏற்படும் பிழையை இது ஏறத்தாழ மூன்று மடங்கு குறைப்பதாக அந்நிறுவனங்கள் தெரிவித்தன.

மருத்துவர்கள் கவனிப்பவை

சிறிய உடல்வாகுடைய பெற்றோரின் குழந்தை இயல்பாகவே சிறியதாக இருக்கலாம். நஞ்சுக்கொடி போதிய ஊட்டம் அளிக்காததால் வளர்ச்சி தடைபடுவதே ஆபத்தானது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய, தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளர் முறையில் பார்ப்பதுடன், பனிக்குட நீரின் அளவையும் மருத்துவர்கள் கவனிக்கின்றனர். வளர்ச்சி தொடர்கிறதா என அறிய, பொதுவாக இரண்டு வார இடைவெளியில் மீண்டும் அளவெடுக்கப்படும். ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டிருந்தால் தீவிரக் கண்காணிப்போ முன்கூட்டிய பிரசவமோ தேவைப்படலாம்.

செய்ய வேண்டியவை

முதல் ஸ்கேன் உள்ளிட்ட அனைத்து அறிக்கைகளையும் ஒன்றாக எடுத்துச் செல்வது நல்லது. எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்பட்டது, ரத்த ஓட்டம் எவ்வாறு உள்ளது, அடுத்த ஸ்கேன் எப்போது ஆகிய மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்பது குழப்பத்தைக் குறைக்கும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசப் பரிசோதனை வழங்கப்படுகிறது.

அதேவேளையில், குழந்தையின் வழக்கமான அசைவு குறைந்தாலோ, ரத்தக்கசிவு, கடும் தலைவலி, பார்வை மங்கல் ஏற்பட்டாலோ அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழக - கர்நாடக எல்லையில் உள்ள பாலாறு போன்ற, காட்டுச்சாலையைக் கடந்தே நகரை அடையக்கூடிய ஊர்களில் வசிப்போர், 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கக் கூடாது.