உலைத்துருத்தியும் ஓடுந்தேரும்

நெருப்பை வளர்ப்பது விறகு என்பது பொதுவான எண்ணம். கொல்லனைக் கேட்டாலோ அவன் துருத்தியைக் காட்டுவான். கரி எத்துணை இருப்பினும் காற்றுச் செல்லாவிடின் உலை கனலாது; இரும்பும் இளகாது. இவ்வுண்மையை நம் மாத்தளை மாவட்டத்தார் பிறநாட்டாரிடம் கற்க வேண்டுவதில்லை. சிகிரியாவை அடுத்த அலகொலவெவப் பகுதியில் 1990 ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த அகழ்வாய்வில் மிகப் பழைய இரும்புருக்கு உலைகள் வெளிப்பட்டன. சமனலவெவ மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகள் இருந்தமையை ஜில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் 1996 இல் உலகுக்கு அறிவித்தார். காற்றை ஏவல் கொள்ளும் கலை ஈழத்துக்குப் புதிதன்று.

அக்கலையின் இற்றைநாள் வடிவம் ஒன்றைப்பற்றி எண்ணுமாறு நேர்ந்தது. என்னிடம் தமிழ் பயின்று, இப்பொழுது மோட்டார்த் திருத்தகம் நடத்தும் மாணாக்கர் ஒருவர், “ஐயா, சூப்பர்சார்ஜருக்குத் தமிழிலே பெயர் என்ன?” என்று வினவினார். பொருளை அறியாது பெயர் சூட்டுதல் பண்டிதர்க்கு அழகன்று. ஆதலின் அதன் இயல்பை அவரிடமே கேட்டும், நூல்களிற் கண்டும் அறிந்தேன்.

அவரிடம் இருப்பது மாஸ்டா எம்.எக்ஸ்.-5 என்னும் சிறுகார். 1989 இல் அறிமுகமான அவ்வினத்தின் முதற் படைப்பு அது. இரண்டே இருக்கை, ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைந்த எடை, 1.6 லீற்றர் எஞ்சின். ஏறக்குறைய 115 குதிரைவலு. றத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதைக்கு இவ்வலு போதவில்லை என்பது அவர் குறை. சூப்பர்சார்ஜர் பூட்டினால் வலு பெருகும் என்பது அவர் அவா.

எஞ்சின் என்பதும் ஓர் உலையே. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். அளவிற் கூறின் அது 12,000 லீற்றர்! பெற்றோலை மிகுதியாகச் சொரிதல் எளிது. அதற்கீடான காற்றை உருளைக்குள் புகுத்துதலே அரிது. எஞ்சின் தானாக இழுக்கும் காற்று வளிமண்டலத்தின் அழுத்தத்தை மிஞ்சுவதில்லை. மலையேற ஏறக் காற்றும் ஐதாகின்றது. 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடைபெறும் நுவரெலியாவிலே, கொழும்பிலும் பார்க்கக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினும் அவ்வளவுக்கு மூச்சுத் திணறும்.

இங்கேதான் துருத்தி துணைக்கு வருகின்றது. எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து ஒரு வார்ப்பட்டி ஓடி, உறைக்குள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு சுழலிகளை இயக்கும்; அவை காற்றை அள்ளி உருளைகளுக்குள் நெருக்கித் தள்ளும். 1860 இல் அமெரிக்கரான ரூட்ஸ் சகோதரர் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். அந்நாளில் அது இரும்புலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூதவே பயன்பட்டது என்பது கருதத்தக்கது. கொல்லன் துருத்தியே காருக்குள் குடிபுகுந்தது என்க. 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களிலும், வேறு வகையினதாகிய ஒரு துருத்தி இருந்தது. உயர்வானின் மெல்லிய காற்றை அடர்த்தியாக்கி ஊட்டுதல் அதன் பணி.

இனி, இதன் விலை யாது? பணத்தை மட்டும் கருதிக் கூறுகின்றேனல்லேன். காற்றை நெருக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவன் பம்பின் அடியைத் தொட்டு இதனை அறிவான். 30 பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றின், இவ்வகைத் துருத்தியில் அது 90 பாகையளவுக்கு உயரலாம். சூடேறிய கலவை, பொறி பிறக்குமுன்னரோ, பிறந்தபின் நெறி தவறியோ தானே வெடித்தெரியும். எஞ்சினுள் சுத்தியலாற் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டின் பிஸ்டன் உருகித் துளைபடும். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் கருவி வேண்டும். பெற்றோலின் அளவையும் பொறியின் காலத்தையும் திருத்தி வகுத்தல் வேண்டும். 92 ஒக்டேன் பெற்றோலை விடுத்து 95 ஐ நாட வேண்டும். துருத்தியைச் சுழற்றவும் எஞ்சினே வலுவைச் செலவிடுகின்றது; வருவாயில் ஒரு பங்கு வரியாகப் போவது போல.

வரலாறு இதற்குச் சான்று பகரும். பந்தய வீரர் டிம் பேர்க்கின், 4.5 லீற்றர் பென்ட்லி காருக்குத் துருத்தி பூட்ட விழைந்தார். அக்காரைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி அதனை விரும்பவில்லை. பேர்க்கின் விருப்பமே நிறைவேறியது, வலுவும் பெருகியது. ஆயினும் 1930 இல் லெமான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்திற் துருத்தி பூண்ட பென்ட்லிகள் இடைவழியில் ஓய்ந்தன. வென்றது அதே நிறுவனத்தின் துருத்தியில்லாத கார்! இதனாற் துருத்தி பழுதென்று கொள்ளற்க. 1933 இல், 1,100 கன சென்ரிமீற்றருக்கும் குறைந்த எஞ்சினுடைய எம்.ஜி. கே3 என்னும் சிறுகார், துருத்தியின் துணையால் மில்லே மில்யா பந்தயத்தில் தன் வகுப்பில் வென்றது. அவ்வாண்டே நுவொலாரி அவ்வினக் காரில் அல்ஸ்டர் பந்தயத்தையும் வென்றார். ஒன்றில் துருத்தி பின்னர் வந்து ஒட்டியது. மற்றொன்றில் அது தொடக்கத்திலிருந்தே வடிவமைப்பின் உறுப்பாயிற்று.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவைக் கண்டோர்க்கு மற்றொன்றும் விளங்கும். ஐந்து தேர்களும் அசைந்து வருங்கால் நம் கண்கள் வடம் பிடிப்போரையே நோக்கும். தேர் நிற்பதும் திரும்புவதும் சில்லருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்போரின் கையிலன்றோ உள்ளன? வடத்திற்கு ஆள் கூடினால் கட்டைக்கும் ஆள் கூட வேண்டும். ரிவர்ஸ்டன் பாதையும் அத்தகையது. ஏறுவோர் இறங்கியும் வர வேண்டும். மூடுபனி திடீரெனக் கவியும். கொண்டையூசி வளைவுக்கு அப்பால் தேயிலைக் கொழுந்து சுமந்த பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடந்து வருவர். அங்கே ஓட்டுநரின் பெருமிதத்துக்குப் பிறர் உயிரை ஈடு வைத்தல் அறமாகாது.

ஆதலின் மாணாக்கருக்கு யான் கூறியது இது: முதலில் பிறேக், பின்னர் டயர், அதன்பின் எஞ்சினின் உடல்நலம், அதன்பின் குளிர்விப்பு; இவையெல்லாம் நிறைந்தபின் துருத்தி. பதிவுக்கும் காப்புறுதிக்கும் உரியோரிடம் உண்மையை அறிவித்தலும் உடன் வேண்டும். வேகத்தைக் காட்ட விழையின் பொதுவழி அதற்கு இடமன்று. ஒழுங்கு செய்யப்பட்ட போட்டிகள் உள. அவர் சிறிது வாடினார். ஆயினும் முதற் செலவாகப் பிறேக்குகளையே புதுக்கினார்.

எடை குறைந்த காரின் சிறப்பு, அது சிறிய வலுவைக்கொண்டு பெரிய மகிழ்ச்சியைத் தருவதே. அதற்கு வலுவைக் கூட்டுதல் குற்றமன்று. கூட்டும் வலுவைத் தாங்கும் வலு உண்டோ என நோக்காமையே குற்றம். வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, அதனுள் வண்டியின் அச்சையும் நினைவூட்டினார்.

பெயரைக் கூற மறந்திலேன். “மிகையூட்டி” என்று சிலர் ஆக்குவர். மிகை என்னுஞ் சொல்லுக்குக் குற்றம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. எச்சரிக்கையாக அதுவும் பொருந்தும். எனினும் “ஊதுதுருத்தி” என்பதே என் விருப்பம். துருத்தி என்ற அளவில் உலை நினைவுக்கு வரும். உலை என்ற அளவில் அதன் அருகிருந்து அனலின் நிறம் பார்த்து, ஊத வேண்டிய போது ஊதி, நிறுத்த வேண்டிய போது நிறுத்திய கொல்லனும் நினைவுக்கு வருவான்.